ரிசெப்ஷன் வகுப்புக்கு முன் நான்கு மாதம்: தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தை எங்கே தொடங்குவது?

நெல்லை_மைதிலி

பொண்ணுக்கு பிப்ரவரியில 4 வயசு முடிஞ்சுது. அவ அப்பா இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்காங்க, நாங்க ஜூலை கடைசியில போறோம். செப்டம்பர்ல ரிசெப்ஷன் வகுப்பு, அங்க பள்ளிக்கூடத்தோட முதல் வருஷம். தமிழ்ல வாய் ஓயாது. எல்.கே.ஜி. புண்ணியத்துல ஏ-யிலேர்ந்து இசட் வரைக்கும் ஒப்பிப்பா, 50 வரைக்கும் எண்ணுவா, கலர் பேரு சொல்லுவா, நாலு ரைம்ஸ் பாடுவா. ஆனா "வாட் ஆர் யூ டூயிங்"னு கேட்டா என் முகத்தைப் பார்ப்பா.

மூணு கேள்வி. ஆன்லைன்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புல சேர்க்கணுமா? இப்பவே வீட்டுல தமிழை நிறுத்தணும்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே, சரியா? எழுதப் படிக்க எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்? எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், சரளமா பேச வராது.

வகுப்பறை_வனஜா

கடைசிக் கேள்விக்கு முதலில். எழுதப் படிக்க ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். ரிசெப்ஷனில் எழுத்தையும் ஒலியையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலிலிருந்துதான் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டாயப் பள்ளி வயது என்று சட்டம் சொல்வதே 5 முடிந்து அடுத்து வரும் பருவத்தில்தான். உங்கள் மகளுக்கு அது அடுத்த மார்ச் 31-க்குப் பிறகு. சேர்ந்த முதல் ஆறு வாரத்துக்குள் "பேஸ்லைன்" என்று ஒரு மதிப்பீடு உண்டு, 2021-லிருந்து நடக்கிறது. அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. அதற்காக வீட்டில் படிக்க வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். உங்கள் மகளைப் பார்த்து ஆசிரியர் திகைக்க மாட்டார்.

புதிய பிள்ளைகள் திணறுவது எங்கே என்றால், 30 பேருக்கும் சேர்த்து ஆசிரியர் சொல்லும் சின்னச் சின்னக் கட்டளைகளில். அவை பாடப்புத்தக ஆங்கிலத்தில் இருக்காது. "பாப் இட் இன் யுவர் ட்ரே." "டக் யுவர் சேர் இன்" (நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளு). "ஹேங் யுவர் கோட் ஆன் யுவர் பெக்" (பெக் என்றால் கோட் மாட்டும் கொக்கி). "டைடி அப் டைம்." "லைன் அப்." "சிட் ஆன் தி கார்ப்பெட்." "ஃபைண்ட் எ பார்ட்னர்." "ஹேவ் எ கோ" (செய்து பார்). "வெயிட் ஃபார் யுவர் டர்ன்." நம் ஊர் எல்.கே.ஜி.யில் "கீப் இட்" என்பார்கள். இங்கிலாந்தில் எதை எடுத்தாலும் "பாப்"தான்: மேசை மேல் வைப்பதும் பாப், கோட் போட்டுக்கொள்வதும் பாப்.

வாரத்துக்கு இரண்டு கட்டளை போதும். முதல் மூன்று நாள் சொல்லிக்கொண்டே கையால் காட்டி, நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். நாலாம் நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் குறிப்பே காட்டாமல் சொல்லிப் பாருங்கள். அப்போதும் செய்தால்தான் அது அவளுடையது. பிள்ளைகள் கண்ணையும் கையையும் பார்த்தே பாதியை ஊகித்துவிடுவார்கள். "எல்லாம் புரியுது" என்று பெற்றோர் ஏமாறுவது இதில்தான். வகுப்பில் ஆசிரியர்களும் ஏமாறுகிறோம்: முன்னால் நிற்கிற பிள்ளையைப் பார்த்து அப்படியே செய்கிற பிள்ளைக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.

கோவை_செந்தில்

"ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்" என்பது ஆறுதலுக்குச் சொல்வது. கணக்குப் பார்ப்போம். இங்கிலாந்தில் 3 முடிந்த அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம் நர்சரி இலவசம், ஆண்டுக்கு 38 வாரம். அதாவது 570 மணி நேரம். பக்கத்தில் உட்காரும் பிள்ளை அவ்வளவு கேட்டுவிட்டு வரும், வீட்டில் கேட்டது தனி. நம் பிள்ளை பூஜ்யம். நாலு மாதத்தில் இதைக் குறைக்க வேண்டும் என்றால் வீட்டில் ஆங்கிலம் பேசத்தான் வேண்டும். தமிழ் எங்கேயும் ஓடிவிடாது, ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சுமொழி_ரவி

செந்தில் சொல்லும் 570 மணி சரி. ஆனால் அந்த நேரத்தை நிரப்பப் போவது யாருடைய ஆங்கிலம்? சரளமாகப் பேச வராது என்று மைதிலியே எழுதியிருக்கிறார். வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பேச்சு என்ன ஆகும் தெரியுமா? "கம், சிட், ஈட், டோன்ட் டச், குட் கேர்ள்." அவ்வளவுதான். இப்போது தமிழில் அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது: ஏன் மழை வருது, பால் ஏன் பொங்குது, பாட்டி ஏன் கோபமா இருக்கா, நேத்து சொன்ன கதையில் நரி என்ன பண்ணுச்சு. காரணம் சொல்லுதல், முன்பின் வரிசை, ஊகம் எல்லாம் அதில்தான் வளர்கின்றன. கனடாவைச் சேர்ந்த இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: ஒரு மொழியில் பிடிபட்ட கருத்து மற்ற மொழிக்கும் கைகொடுக்கும், இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. விளையாட்டு மைதானப் பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பதும் அவர் சொன்னது. இரண்டாவதற்கு முட்டுக்கொடுப்பது வீட்டு மொழி.

"ஒரு வருடம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 4 வயதில் நிறுத்திய மொழி, 5 வயதில் கேட்டால் புரியும், பேச வராது என்ற நிலைக்குப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையைத் திருப்புவது, ஆங்கிலம் சொல்லித்தருவதைவிடக் கடினம். இங்கிலாந்தின் மழலைக் கல்விச் சட்டகமே, ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைக்கு விளையாட்டிலும் கற்றலிலும் வீட்டு மொழியைப் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று பள்ளிகளுக்கு எழுதி வைத்திருக்கிறது.

கோவை_செந்தில்

சரி, தமிழை நிறுத்த வேண்டாம். ஆனால் ஆங்கிலத்துக்கென்று நேரமே ஒதுக்காமல் இருப்பதும் தப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு, என்ன என்று யாராவது எண்ணிச் சொல்லுங்கள்.

பேச்சுமொழி_ரவி

அரை மணி. ஒரே மூச்சில் அல்ல, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். குளியல் நேரம் ஆங்கிலம், சாயங்காலம் பொம்மையோடு ஆங்கிலம், தூங்கும் முன் ஒரு புத்தகம். மற்ற நேரம் முழுத் தமிழ். இடமும் நேரமும் மாறாமல் இருந்தால் எந்த மொழிக்குத் தயாராக வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: "ஈட் பண்ணு", "வாஷ் பண்ணு", "ஷூ வேர் பண்ணு". ஆங்கிலம் சொல்லித்தருவதாக நினைத்து நாம் செய்வது இது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்ச்சொல் ஏற்கெனவே நிறையத் தெரியும். பஸ், வாட்டர் பாட்டில், ஃபேன், பேக் எல்லாம் தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிட்டன. இல்லாதவை வினைச்சொல்லும் இடம் சுட்டும் சொல்லும்தான். வினையையும் "பண்ணு"வோடு ஒட்டிவிட்டால் அது எப்படி மாறும், வாக்கியத்தில் எங்கே நிற்கும் என்று கேட்கவே வாய்ப்பில்லை. ஆகவே ஃப்ளாஷ் கார்டில் பழம், மிருகம், வாகனம் என்று இன்னும் அடுக்காதீர்கள். புட், டேக், கிவ், ஓப்பன், க்ளோஸ், புஷ், புல், ஹோல்ட், வெயிட், லுக், ஃபைண்ட். பிறகு இன், ஆன், அண்டர், பிஹைண்ட், நெக்ஸ்ட் டு. ஒரு டப்பாவும் ஒரு பொம்மையும் இருந்தால் போதும். "புட் டெடி அண்டர் தி பாக்ஸ்." தமிழில் இது "பெட்டிக்கு அடியில்" என்று சொல்லுக்குப் பின்னால் வரும், அங்கே முன்னால் வருகிறது. விளக்கம் வேண்டாம், கையால் இருபது தடவை செய்தால் போதும்.

ஹரோ_சாந்தி

வனஜா சொன்னது பிள்ளைக்கு விளங்க வேண்டியது. பிள்ளை வாயாலை சொல்ல வேண்டியது வேறை. அது நீளமான பட்டியல் இல்லை. "ஐ நீட் தி ரொய்லற்." "ஹெல்ப் மீ ப்ளீஸ்." "கேன் ஐ ப்ளே?" "மை ரேர்ன்." "ஸ்டொப் இற், ஐ டோன்ற் லைக் இற்." "இற் ஹேர்ற்ஸ் ஹியர்." "ஐ'ம் கோல்ட்." "ஓல் டன்." "நோ தாங்க் யூ." இந்த ஒன்பதும் வந்தால் முதல் மாதம் தப்பலாம்.

பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லு எண்டு கேக்காதேங்கோ. இந்த வயதிலை பிள்ளையள் முழு வசனத்தையும் ஒரு சொல்லு மாதிரித்தான் எடுப்பினம், பிறகு தாங்களே உடைச்சுக் கொள்ளுவினம். இரண்டு பொம்மையை வைச்சு நடிச்சுக் காட்டுங்கோ: ஒரு பொம்மை விளையாட்டுச் சாமானைப் பறிக்குது, மற்றது "ஸ்டொப் இற், ஐ டோன்ற் லைக் இற்" எண்டு கையை நீட்டிச் சொல்லுது. பிறகு பொம்மையை மாத்துங்கோ, பிள்ளை சொல்லட்டும். மூன்று நாளைக்கு ஒரு வசனம்.

"ப்ளீஸ்", "தாங்க் யூ" இரண்டையும் விட்டிடாதேங்கோ. தமிழிலை மரியாதை "தாங்கோ", "தாங்க" எண்ட முடிவிலையே இருக்கு, தனிச் சொல்லு தேவையில்லை. அதாலை எங்கட பிள்ளையள் "வோட்டர்" எண்டு மட்டும் கேப்பினம், அங்கை அது அதட்டுற மாதிரி விழும். தலையாட்டுறதும் அப்பிடித்தான். நாங்கள் பக்கவாட்டிலை ஆட்டுறதை ஓமோ இல்லையோ எண்டு ரீச்சருக்குத் தெரியாது. "யெஸ்", "நோ" வாயாலை வர வேணும்.

ரொய்லற் விசயத்தை ஆரும் எழுதேல்லை, அதுதான் முக்கியம். பள்ளிக்கூடத்திலை தண்ணி இல்லை, பேப்பர்தான். ரீச்சர் கழுவி விடமாட்டா. இண்டைக்கே தொடங்குங்கோ: மூண்டு நாலு தாளை மடிக்கிறது, முன்னுக்கிருந்து பின்னுக்குத் துடைக்கிறது, தாளைப் பாக்கிறது, சுத்தமா வரும்வரை புதுத் தாள். இது பழக வாரக்கணக்கு எடுக்கும். ஈரத் துடைப்பானைப் பழக்கினா அதைக் கொமோட்டுக்குள்ளை போட்டு அடைக்கிற பிரச்சினை வரும், அதாலை காய்ஞ்ச தாளிலையே பழக்குங்கோ. கேக்கத் தெரியாம அடக்கி வைச்சு நனைக்கிற பிள்ளைதான் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டன் எண்டு அழும். அது இங்கிலிசாலை வந்த அழுகை இல்லை.

நெல்லை_மைதிலி

இதை யாருமே சொல்லலையே! பேப்பர் இன்னைக்கே வாங்குறேன். எழுத்து, ஒலி விஷயம்? அவளுக்கு "ஏ ஃபார் ஆப்பிள்" நல்லா வரும்.

மதுரை_ஒலிப்பாசிரியை

"ஏ ஃபார் ஆப்பிள்" தான் சிக்கலே. எழுத்தின் பெயர் ஏ, ஆனால் ஆப்பிளின் தொடக்கத்தில் அந்த ஒலி இல்லை. ரிசெப்ஷனில் முதலில் எழுத்தின் பெயரைக் கேட்க மாட்டார்கள், ஒலியைத்தான் கேட்பார்கள். பெரும்பாலான பள்ளிகள் முதலில் எடுக்கும் ஆறு: எஸ், ஏ, டீ, பீ, ஐ, என். இந்த ஆறை வைத்தே சாட், டாப், பின், டின், நாப் என்று சொற்களைக் கட்டிவிடலாம் என்பதால் அந்த வரிசை.

தமிழ் தெரிந்த அம்மாவுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவர்கள் கேட்பது புள்ளி வைத்த எழுத்து. "ம" அல்ல, "ம்". "ச" அல்ல, "ஸ்ஸ்ஸ்". இங்கே பல செயலிகளும் காணொளிகளும் "மா, பா, டா" என்று ஒரு உயிரை ஒட்டியே சொல்லித்தருகின்றன. அப்படிப் படித்த பிள்ளை மூன்று ஒலியைச் சேர்க்கும்போது "பா-இ-னா" என்று வரும், "பின்" என்ற சொல் வராது. ஒரு செயலியை நிறுவியதும் எம், எஸ் இரண்டையும் அழுத்திக் கேளுங்கள். "மா" என்றால் அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒலிகளைச் சேர்க்கும் திறமையைத் தமிழிலேயே பழக்கலாம். எழுத்து, தாள், பேனா எதுவும் வேண்டாம். "நான் என்ன சொல்றேன் கண்டுபிடி: ப்... ஆ... ல்." "த்... ஏ... ன்." "க்... அ... ல்." "ம்... ஈ... ன்." பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிடம். பிள்ளை இதில் வேகமாகிவிட்டால் உங்களுக்குச் சொல்லச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உடைப்பது, சேர்ப்பதைவிடக் கடினம், அதனால் அது இரண்டாவது. ஒலியைப் பிரித்துக் கேட்கும் காது ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் உதவுகிறது. நாலு மாதத்தில் ஆங்கில எழுத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த தயாரிப்பு, என் பார்வையில், இந்தத் தமிழ் விளையாட்டுதான்.

உச்சரிப்பில் நாலைந்து இடத்தை மட்டும் கவனித்தால் போதும். சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டுவது: கப்பு, பஸ்ஸு, பென்னு. சொல்லின் முன் இகரம்: இஸ்கூல், இஸ்பூன். ஃப-வும் ப-வும் ஒன்றாவது. ஸிப், ஜிப் கலப்பது. வி, டபிள்யூ இரண்டையும் ஒரே மாதிரி சொல்வது. முதலாவதற்கு மேல் பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும், பல் தொடாது. கண்ணாடி முன் நின்று காட்டுங்கள். திருத்தாதீர்கள். அவள் "கப்பு" என்றால், "ஆமா, எ ரெட் கப்" என்று சரியான வடிவத்தைத் திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். லெஸ்டர் பக்கத்தில் "பஸ்", "கப்" இரண்டும் "புஸ்", "குப்" என்பதற்குப் பக்கத்தில் கேட்கும். நாலு மாதம் வீட்டில் உயிரொலியைச் செதுக்குவது வீண் வேலை, அங்கே போய் மாற்றிக்கொள்வாள்.

எழுதுவது என்றால் பெயர் மட்டும். முதல் எழுத்து பெரியது, மற்றவை சின்ன எழுத்து. நம் ஊரில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதப் பழக்கிவிடுகிறார்கள், அதை அழித்துத் திரும்பச் சொல்லித்தருவது ஆசிரியருக்கு இரட்டை வேலை. பென்சிலுக்கு முன் தட்டில் அரிசியைப் பரப்பி விரலால்.

வகுப்பறை_வனஜா

பெயரைப் பற்றிச் சொன்னது நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் பாப்பா, குட்டி, அம்மு. வருகைப் பதிவில் வேறு ஏதோ. இன்றிலிருந்து நாளுக்குப் பத்து முறையாவது பதிவுப் பெயரால் கூப்பிடுங்கள், "யெஸ் மிஸ்" சொல்லப் பழக்குங்கள். சேர்க்கைப் படிவத்தில் "விரும்பும் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். வகுப்பில் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அதை அங்கே எழுதுங்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறதா, முதலெழுத்தாக இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை: கோட் போடத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு இடைவேளையிலும் கடைசியில் நிற்கும். கோட்டைத் தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால் பக்கமாக இருக்கும்படி வையுங்கள். குனிந்து இரு கையையும் கோட்டின் கைக்குள் விட்டு, தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் எறிய வேண்டும், தானாக ஏறிவிடும். முன்பக்கம் திறக்கும் சட்டையை வைத்தே ஊரில் பழகலாம். ஷூவுக்கு நாடா வேண்டாம், ஒட்டும் பட்டை உள்ளதை வாங்குங்கள். ஜிப் போடுவதற்கு மட்டும் தனியாகப் பழக்கம் வேண்டும்.

சொல்லில் ஒன்று கவனம்: நாம் பேன்ட் என்பதை அங்கே ட்ரவுசர்ஸ் என்பார்கள். அங்கே பேன்ட்ஸ் என்றால் உள்ளாடை. பிள்ளை "மை பேன்ட்ஸ் வெட்" என்றால் அவர்கள் வேறு பையைத் தேடுவார்கள். ஜம்பர் (ஸ்வெட்டர்), ட்ரெய்னர்ஸ் (விளையாட்டு ஷூ), வெல்லீஸ் (மழைக்கான ரப்பர் பூட்ஸ்), பிளாஸ்டர் (காயத்தில் ஒட்டுவது), டம்மி (சூப்பான்), பூர்லி (உடம்பு சரியில்லை) இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு "வீ", இரண்டுக்கு "பூ".

கோவை_செந்தில்

வீடியோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தினம் இரண்டு மணி நேரம் ஆங்கிலக் கார்ட்டூன் போட்டால் காது பழகாதா? நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் ஆங்கிலம் பேசுகிறார்கள்.

பேச்சுமொழி_ரவி

பேசுகிறார்கள், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வசனம் வசனமாக ஒப்பிப்பார்கள், "வாட் ஹேப்பண்ட்?" என்றால் பதில் இருக்காது. திரை பிள்ளைக்காகக் காத்திருக்காது, பதிலுக்கேற்ப அடுத்த வாக்கியத்தை மாற்றாது. பாட்ரிசியா குல் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வு மாண்டரின் கேட்க வைத்தார்கள். நேரில் ஆள் பேசிய குழந்தைகள் ஒலியைப் பிடித்தன, அதே பேச்சைத் திரையில் பார்த்தவை பிடிக்கவில்லை. 4 வயதுப் பிள்ளை கைக்குழந்தை அல்ல, திரையிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொள்ளும்தான். அருகில் ஆள் இருந்து பேசினால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன எல்லை இந்த வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்கும் குறைந்தால் நல்லது.

போடுவதென்றால் 10 நிமிடப் பகுதி ஒன்று, அதையே ஒரு வாரம். முதல் நாள் தமிழில் பேசிக்கொண்டே பாருங்கள். மூன்றாம் நாள் நடுவில் நிறுத்தி "வேர் இஸ் ஹி கோயிங்?" விரலால் காட்டினாலும் பதில்தான். தினம் புதிதாக ஓடவிடுவதில் எந்தச் சொல்லும் இரண்டாம் முறை காதில் விழாது.

ஆன்லைன் வகுப்பும் இதே அளவுகோல்தான். நாற்பது நிமிடம், பத்துப் பிள்ளைகள் என்றால் உங்கள் மகளுக்குக் கிடைப்பது நாலு நிமிடம், அதிலும் "ரிப்பீட் ஆஃப்டர் மீ". தனியாக 15 நிமிடம், வாரம் மூன்று நாள், பொம்மையோ படமோ வைத்து விளையாடும் ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தில் படப் புத்தகம் வாங்குங்கள்.

ஹரோ_சாந்தி

புத்தகம் எண்டவுடனை ஒரு வழி சொல்லுறன். அம்மாவுக்கு இங்கிலிஸ் வாசிக்க வரும் எண்டால் இது அவவுக்கெண்டே செய்தது மாதிரி. கிழமைக்கு ஒரு புத்தகம், பக்கத்துக்கு ஒரு வரி, திரும்பத் திரும்ப வாற வரி உள்ளது. திங்கள் படத்தைக் காட்டிக் கதை முழுக்கத் தமிழிலை. செவ்வாய் இங்கிலிசிலை வாசியுங்கோ, விரலாலை படத்தைத் தொட்டு. புதன் திரும்ப வர்ற வரியிலை கடைசிச் சொல்லை விட்டிட்டு நிப்பாட்டுங்கோ, பிள்ளை முடிக்கட்டும். வியாழன் கேள்வி. வெள்ளி பிள்ளை உங்களுக்கு வாசிக்கிற மாதிரி நடிக்கட்டும், என்ன மொழியிலையும்.

கேள்வி கேக்கிறதுக்கு வைட்ஹர்ஸ்ட் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1988 இலை எழுதின வழி இண்டைக்கும் நிக்குது: கேளுங்கோ, பதிலை ஏற்றுக்கொள்ளுங்கோ, கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கோ, பிள்ளையைத் திரும்பச் சொல்ல விடுங்கோ. "வாட்ஸ் திஸ்?" "டோக்." "யெஸ், எ பிக் வெற் டோக்." "பிக் வெற் டோக்." அவ்வளவுதான். ஒரு பக்கத்திலை ஒரு கேள்விக்கு மேலை வேண்டாம், பிறகு அது சோதனை ஆயிடும்.

லெஸ்டர் போனவுடனை நூலகத்திலை பிள்ளைக்கு அட்டை எடுங்கோ, இலவசம். சின்னப் பிள்ளையளுக்குப் பாட்டு நேரம் வைக்கிற நூலகங்களும் இருக்கு. ஓகஸ்ட் மாதம் முழுக்க வீட்டுக்குள்ளை வைச்சிராமல் பூங்காவுக்குக் கொண்டுபோங்கோ. மற்றப் பிள்ளையள் கதைக்கிறதைத் தூர இருந்து கேட்டாலே போதும்.

நெல்லை_மைதிலி

போய்ச் சேர்ந்து வாயே திறக்கலைன்னா? எங்க வீட்டுல ஒரு பழக்கம் வேற இருக்கு, யார் வந்தாலும் "அங்கிளுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டு"ம்பாங்க. இப்பவே ஓடி ஒளியிறா.

பேச்சுமொழி_ரவி

அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கூட்டத்துக்கு முன் ஒப்பிக்க வைத்த பிள்ளைக்கு ஆங்கிலம் என்றால் தேர்வு என்று பதிந்துவிடும்.

வாய் திறக்காதது எதிர்பார்க்க வேண்டியது. பாட்டன் டேபர்ஸ் என்ற ஆய்வாளர் இதை நாலு கட்டமாகப் பிரித்தார்: முதலில் பிள்ளை தன் மொழியிலேயே பேசிப் பார்க்கும், புரியவில்லை என்று தெரிந்ததும் வாய்ப்பேச்சு நின்று சைகைக்கு மாறும், பிறகு ஒற்றைச் சொல்லும் பாடம் செய்த வாக்கியமும், கடைசியில் சொந்த வாக்கியம். இரண்டாம் கட்டம் சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கும். மாலையில் வீட்டில் பொம்மையை உட்கார வைத்து ஆசிரியர் குரலில் "சிட் ஆன் தி கார்ப்பெட்" என்று சொல்கிறாளா பாருங்கள். சொன்னால் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. "இன்னிக்கு இங்கிலீஷ் பேசினியா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "யார் பக்கத்துல உட்கார்ந்தே, என்ன சாப்பிட்டே" என்று தமிழில் கேளுங்கள்.

கவலைப்பட வேண்டிய அடையாளம் வேறு. தமிழிலேயே வயதுக்கேற்ற பேச்சு இல்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. தமிழ் பேசும் வெளியாட்களிடமும் மாதக்கணக்கில் ஒரு சொல் பேசுவதில்லை. இப்படி இருந்தால் ஊரிலேயே காது சோதனை செய்துகொண்டு, பேச்சு மொழி வல்லுநரைப் பாருங்கள், மதிப்பீடு தமிழில் நடக்கட்டும். சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்து அரைகுறையாகக் கேட்பது இந்த வயதில் சாதாரணம். அதை "இங்கிலீஷ் வரலை" என்று எடுத்துக்கொண்டு ஒரு வருடம் வீணாவது உண்டு.

கோவை_செந்தில்

இடம் கிடைத்துவிட்டதா என்று யாருமே கேட்கவில்லை. ரிசெப்ஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15, இடம் அறிவிப்பது ஏப்ரல் 16 வாக்கில். அப்பா அங்கே இருப்பதால் வீட்டு ஒப்பந்தத்தை வைத்து நகர சபையில் தாமத விண்ணப்பம் போட முடியுமா என்று இப்போதே கேட்கட்டும். வகுப்புக்கு 30 என்பது சட்ட எல்லை, பக்கத்துப் பள்ளி நிறைந்திருக்கலாம். காத்திருப்புப் பட்டியலில் போடச் சொல்லுங்கள், அதை டிசம்பர் 31 வரையாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தூரப் பள்ளியில் தொடங்கி அக்டோபரில் மாறினால் பிள்ளை இரண்டு தடவை பழக வேண்டியிருக்கும். என் கணக்கில் அது நாலு மாத ஆங்கிலத்தைவிடப் பெரிய விஷயம்.

நெல்லை_மைதிலி

தாமத விண்ணப்பம் போட்டாச்சு, பதில் வரலை. சாப்பாடு?

வகுப்பறை_வனஜா

ரிசெப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் எல்லாருக்கும் இலவசம், 2014-லிருந்து. முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கத் தெரிய வேண்டும். தோசையை முள்கரண்டியால் குத்தித் தின்னப் பழக்குங்கள், கத்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சைவமோ ஹலாலோ படிவத்தில் குறியுங்கள். டப்பா கட்டுவதானால் வேர்க்கடலைச் சட்னி, கடலை மிட்டாய் வேண்டாம், பல பள்ளிகளில் கடலை வகை உள்ளேயே வரக் கூடாது. எள்ளுப் பொடிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் வகுப்பில் இருப்பார். அவருக்கு ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே மகளின் பெயர், எப்படி உச்சரிப்பது. கீழே அவள் அவசரத்தில் சொல்லும் பத்துத் தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில், எதிரே பொருளோடு: தண்ணி, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, வலிக்குது, பசிக்குது, குளிருது, அம்மா எப்ப வரும், வேண்டாம், முடிஞ்சுது, பயமா இருக்கு. எழுத்துத் தமிழில் எழுதிவிடாதீர்கள், அவள் வாயில் எப்படி வருமோ அப்படியே.

நெல்லை_மைதிலி

அவ "ஒண்ணுக்கு"ன்னு சொல்ல மாட்டா, "மூச்சா"ம்பா. அதையே எழுதட்டுமா?

வகுப்பறை_வனஜா

அதையேதான். அவள் குரலிலேயே ஃபோனில் பதிவு செய்து, தாளோடு சேர்த்துப் பள்ளிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பள்ளி ஜூலை நடுவிலோ கடைசியிலோ விடுமுறைக்கு மூடிவிடும், அதற்கு முன்னால் மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும்.